கறுப்பு வெள்ளையில் சென்னை

2022 ஜூலையில் சென்னையின் நேப்பியர் பாலத்தைச் செஸ் போர்டாக மாற்றினார்கள். மாமல்லபுரத்தில் நடந்த 44-வது செஸ் ஒலிம்பியாடுக்காகப் பாலம் முழுக்கக் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள். ஊரே போய் வேடிக்கை பார்த்தது. கும்பகோணத்திலிருந்து வந்திருந்த என் பாட்டியும் பார்க்க வேண்டும் என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு ஆட்டோவில் அழைத்துப் போனேன். நடைபாதையில் நிற்க வைத்து மொபைலில் ஒரு படம் எடுத்தேன். அரக்குப் புடவை, பச்சை பார்டர். பாட்டி கேமராவைப் பார்க்கவே இல்லை. தலைக்கு மேல் வளைந்து போகிற அந்தக் கட்டங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் எடுத்த படங்களிலேயே நல்ல படம் அதுதான்.

2024-ல் பாட்டி காலமானார். அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரின்ட் போட்டு மாட்டலாம் என்று அப்பா சொன்னார். கம்ப்யூட்டரில் திறந்து காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கலர் எங்கேடா?" என்று கேட்டார்.

கலர் இல்லை. என் கையாலேயே அழித்திருந்தேன்.

அது எப்படி நடந்தது, கடைசியில் என்ன ஆனது என்பதைச் சொல்கிறேன். அதற்கு முன்னால் கம்ப்யூட்டரில் ஒரு கலர் படம் கறுப்பு வெள்ளையாக மாறும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். அது தெரியாமல் போனதால்தான் எனக்கு இந்த நிலை வந்தது. தெரிந்துகொண்டால் உங்கள் ஊர்க் கட்டடங்களை நீங்கள் எடுக்கும் படங்களே வேறு மாதிரி ஆகிவிடும்.

ஏன் கறுப்பு வெள்ளை?

நான் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். வாரம் முழுக்க மானிட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டு, ஞாயிறு காலையில் சென்னையின் பழைய கட்டடங்களைப் படம் எடுக்கக் கிளம்பிவிடுவேன். கேமரா எல்லாம் கிடையாது, மொபைல்தான். கலரில் எடுத்தால் ஒரு தொல்லை. சென்ட்ரல் ஸ்டேஷனை எடுக்கிறீர்கள். படத்தில் முதலில் கண்ணில் படுவது சென்ட்ரல் அல்ல. முன்னால் நிற்கும் மஞ்சள் ஆட்டோ, பச்சை நிற வழிகாட்டிப் பலகை, யாரோ வைத்த பிளக்ஸ் பேனர். நகரத்தில் ஒவ்வொன்றும் "என்னைப் பார்" என்று கத்துகிறது. கலரை எடுத்துவிட்டால் அந்தச் சத்தம் அடங்கிவிடுகிறது. பிறகு கட்டடத்தின் உருவமும் வெளிச்சமும் நிழலும் மட்டும்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. அண்ணா சாலையிலுள்ள எல்.ஐ.சி. கட்டடத்தை நினைத்தாலே எனக்குக் கறுப்பு வெள்ளையில்தான் ஞாபகம் வருகிறது. 1959-ல் திறக்கப்பட்ட கட்டடம், உயரம் 177 அடி. அன்றைக்கு அது பெரிய அதிசயம். பழைய படங்களில் கதாநாயகன் ஊரிலிருந்து சென்னைக்கு வந்துவிட்டான் என்று காட்ட சென்ட்ரலையும் எல்.ஐ.சி.யையும் காட்டினால் போதும். டி.வி.யில் அந்தப் படங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் கட்டடத்தின் நிறம் சாம்பல்தான்!

மூன்று எண்கள், ஒரு எண்

சரி, விஷயத்துக்கு வருவோம். டிஜிட்டல் படம் என்பது சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆனது. இந்தப் புள்ளிகளைப் பிக்சல் என்கிறோம். சாதாரண ஜேபெக் படத்தைத் திறந்தால் ஒவ்வொரு பிக்சலுக்கும் மூன்று எண்கள் கிடைக்கும். சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று. ஒவ்வொன்றும் 0-விலிருந்து 255 வரை இருக்கலாம். மூன்றும் 0 என்றால் கறுப்பு. மூன்றும் 255 என்றால் வெள்ளை.

கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒரு பிக்சலுக்கு ஒரே எண் போதும். 0 கறுப்பு, 255 வெள்ளை, நடுவில் உள்ளவை எல்லாம் சாம்பல். அப்படியானால் மூன்று எண்களை ஒரே எண்ணாக மாற்ற வேண்டும். எப்படி? மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் நம் கண் பச்சையை அதிக வெளிச்சமாகவும் நீலத்தைக் குறைந்த வெளிச்சமாகவும் உணர்கிறது. அதனால் பல மென்பொருள்கள் சிவப்பில் 30 சதவீதம், பச்சையில் 59 சதவீதம், நீலத்தில் 11 சதவீதம் எடுத்துக் கூட்டுகின்றன. இது கலர் டி.வி. காலத்துக் கணக்கு. கலர் ஒளிபரப்பைக் கறுப்பு வெள்ளை டி.வி. வைத்திருப்பவரும் பார்க்க வேண்டும் அல்லவா? இந்தியாவில் 1982-ல் கலர் ஒளிபரப்பு வந்தபோது வீட்டிலிருந்த பழைய டி.வி.க்களைத் தூக்கிப் போடாமல் இருந்ததற்கு, கலரிலிருந்து வெளிச்சத்தைத் தனியாகப் பிரித்து அனுப்பிய இந்த ஏற்பாடுதான் காரணம்.

இப்போது பாட்டியின் புடவைக்கு வருவோம். அரக்கு நிறத்தின் எண்கள் 140, 20, 40. கணக்கைப் போட்டுப் பாருங்கள். 42, 11.8, 4.4. மொத்தம் 58. பச்சை பார்டரின் எண்கள் 20, 80, 45. அதற்கும் கணக்குப் போடுங்கள். 6, 47.2, 4.95. மொத்தம் அதே 58!

புரிகிறதா? எட்டடி தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரிகிற பார்டர், கறுப்பு வெள்ளையில் புடவையோடு கலந்து காணாமல் போய்விட்டது. படத்தில் பாட்டி ஒரே சாம்பல் நிறத் துணியைச் சுற்றிக்கொண்டு நின்றார். அப்பா "கலர் எங்கேடா?" என்று கேட்டதில் நியாயம் இருந்தது.

58 என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு அது அரக்கா, பச்சையா என்று எந்தக் கம்ப்யூட்டராலும் கண்டுபிடிக்க முடியாது. மூன்று விடை தெரியாத எண்கள், ஒரே ஒரு சமன்பாடு. பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம், தீர்க்க முடியாது. ஊகித்துக் கலர் போடும் மென்பொருள்கள் இப்போது நிறைய வந்துவிட்டன. நானும் ஒன்றில் போட்டுப் பார்த்தேன். பாட்டிக்கு நீலப் புடவை கட்டிவிட்டது!

கலங்கரை விளக்கத்தின் பட்டைகள்

30, 59, 11 என்பது ஒரு கலவை மட்டுமே, சட்டம் அல்ல. நாமே வேறு கலவையைத் தேர்ந்தெடுக்கலாம். கறுப்பு வெள்ளைப் புகைப்படக் கலையின் பாதி விஷயம் இங்கேதான் இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள மெரினா கலங்கரை விளக்கத்தைவிட நல்ல உதாரணம் கிடையாது.

1977-ல் செயல்படத் தொடங்கிய முக்கோண வடிவக் கோபுரம் அது. சிவப்பும் வெள்ளையுமாக மாறி மாறிப் பட்டைகள். என் படத்தில் சிவப்புப் பட்டையின் எண்கள் 200, 45, 45. வெள்ளைப் பட்டை மூன்றிலும் 235. வழக்கமான கணக்கில் சிவப்புப் பட்டை 92 ஆகி நடுத்தரச் சாம்பலாகத் தெரியும். சிவப்பை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிட்டால்? சிவப்புப் பட்டை 200, வெள்ளை 235. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. தூரத்தில் இருந்து பார்த்தால் பட்டையே இல்லாத வெள்ளைக் கோபுரம்! நீலத்தை மட்டும் எடுத்தால் சிவப்புப் பட்டை 45 ஆகிக் கறுத்துவிடும். பட்டைகள் வரிக்குதிரை மாதிரி துடித்துக்கொண்டு நிற்கும். ஒரே படம், ஒரே நாள், ஒரே கோபுரம். எதை எடுத்தோம் என்பதில்தான் வித்தியாசம்.

அடுத்து சென்ட்ரலுக்குப் போவோம். 1873-ல் திறக்கப்பட்ட ஸ்டேஷன். 2019-லிருந்து புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி.ராமச்சந்திரன் பெயரைத் தாங்கி நிற்கிறது. நிறம் சிவப்பு. அதற்குக் கொஞ்சம் மேற்கே மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை. 1913-ல் திறந்தார்கள். 132 அடி உயரக் கடிகாரக் கோபுரம், நிறம் வெள்ளை. இரண்டையும் ஒரே படத்தில் அடக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. நடுவில் தூரம் அதிகம், முன்னால் பஸ்கள் வேறு. விட்டுவிட்டு, எதிர்ப் பக்கம் அரசுப் பொது மருத்துவமனை அருகே நடைபாதையில் நின்று, ஒரே வெயிலில் பத்து நிமிட இடைவெளியில் தனித்தனியாக எடுத்தேன்.

சென்ட்ரலின் சிவப்பு என் படத்தில் 160, 70, 55. பின்னால் உள்ள நீல வானம் 90, 150, 220. சிவப்பை மட்டும் எடுங்கள். கட்டடம் 160, வானம் 90. இருண்ட வானத்துக்கு எதிரே கட்டடம் ஒளிர்ந்துகொண்டு நிற்கும். நீலத்தை மட்டும் எடுங்கள். கட்டடம் 55, வானம் 220. வெளிறிய வானத்துக்கு எதிரே கன்னங்கரேலென்று ஒரு கோட்டை! ரிப்பன் மாளிகைக்கு இந்தக் கவலையே இல்லை. வெள்ளையில் மூன்று நிறமும் சமமாக இருப்பதால் எதை எடுத்தாலும் அது வெள்ளைதான். அதன் பின்னாலுள்ள வானம் மட்டும் கறுத்து வெளுக்கும். அதனால் ரிப்பன் மாளிகைக்குச் சிவப்பைத்தான் பரிந்துரைப்பேன். கறுத்த வானத்தில் வெள்ளைக் கோபுரம் தனியாக எழுந்து நிற்கும் அழகே வேறு. சென்ட்ரலுக்கு எனக்குப் பிடித்தது நீலம். நண்பர்கள் ஒப்புக்கொள்வதில்லை, இருட்டடித்துக் கிடக்கிறது என்கிறார்கள். ஆனால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

பழைய மெட்ராஸ் படங்களைப் பார்த்திருப்பீர்கள். 19-ம் நூற்றாண்டில் எடுத்தவை. எல்லாவற்றிலும் வானம் வெறும் வெள்ளை. ஒரு மேகம்கூட இருக்காது. அந்தக் காலத்தில் மெட்ராஸில் மேகமே இல்லையா என்ன? அன்றைய கண்ணாடித் தகடுகளில் பூசிய ரசாயனம் முக்கியமாக நீல ஒளியைத்தான் உணர்ந்தது. சிவப்பு அதற்குத் தெரியவே தெரியாது. நீல வானமும் வெள்ளை மேகமும் ஒரே அளவு வெளிச்சமாகப் பதிந்து வானம் வெளுத்துப் போகும். சிவப்புச் செங்கல் இருண்டு போகும். எல்லா நிறங்களையும் உணரும் தகடுகள் 1906 வாக்கில்தான் விற்பனைக்கு வந்தன. ஆக, உங்கள் படத்தில் நீலத்தை மட்டும் எடுத்தால், நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய கேமரா கண்ட சென்ட்ரலுக்குப் பக்கத்தில் போய்விடுவீர்கள். பழுப்பு நிறம் பூசி "பழைய போட்டோ எஃபெக்ட்" போடுவதைவிட இது எவ்வளவோ நேர்மையானது என்பது என் கட்சி.

பிலிம் காலத்தில் வானத்தைக் கறுப்பாக்க லென்சுக்கு முன்னால் சிவப்புக் கண்ணாடி மாட்டினார்கள். படம் எடுப்பதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும். நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. வீட்டுக்கு வந்து காபி குடித்துக்கொண்டே முடிவு செய்யலாம். ஒரே நிபந்தனை, கையில் கலர் படம் இருக்க வேண்டும். மொபைலிலேயே மோனோ என்று ஒரு பில்டர் இருக்கிறதே, அதைப் போட்டு எடுக்கலாமே என்று கேட்பீர்கள். வேண்டாம். பல மொபைல்களில் அப்படி எடுத்தால் சாம்பல் மட்டும்தான் பதிவாகும். பிறகு வானத்தைக் கறுப்பாக்க நினைத்தாலும் முடியாது.

கம்ப்யூட்டரில் செய்வது எப்படி?

இதற்குக் காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டியதில்லை. கிம்ப் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. அதன் சொந்த இணையதளத்திலிருந்து மட்டும் டவுன்லோடு செய்யுங்கள்.

முதல் வேலை, படங்களை மொபைலிலிருந்து கம்ப்யூட்டருக்குக் காப்பி செய்யுங்கள். கட் செய்யாதீர்கள். "ஒரிஜினல்" என்று ஒரு போல்டர், "வேலை" என்று ஒரு போல்டர். ஒரிஜினல் போல்டரில் எந்தப் படத்தையும் திறந்து திருத்தக் கூடாது. அதை அப்படியே ஒரு பென் டிரைவிலோ வெளி ஹார்ட் டிஸ்கிலோ இன்னொரு காப்பி போட்டு வையுங்கள். வேலை போல்டரில் உள்ள காப்பியில் எவ்வளவு விளையாட்டு வேண்டுமானாலும் விளையாடலாம்.

இப்போது படத்தைக் கிம்பில் திறந்து கலர்ஸ் மெனுவுக்குப் போங்கள். அதில் டிசாச்சுரேட் என்று ஒரு பிரிவு இருக்கும். உடனே சாம்பலாக்கும் வழி அதுதான். நாம் தேட வேண்டியது அதே கலர்ஸ் மெனுவுக்குள் இருக்கும் மோனோ மிக்ஸர். கிளிக் செய்தால் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று ஸ்லைடர்களுடன் ஒரு டயலாக் பாக்ஸ் வரும். சிவப்பை 1 ஆக்கி மற்ற இரண்டையும் 0 ஆக்குங்கள். படம் உங்கள் கண் முன்னாலேயே மாறும். பிறகு நீலத்தை 1 ஆக்கிப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் உங்களுக்குப் பிடித்த இடத்தில் நிறுத்தி ஓகே கொடுங்கள். மூன்றின் கூட்டுத்தொகை ஏறக்குறைய 1 இருந்தால் வெளிச்சம் மாறாமல் இருக்கும். ஒரு இடத்தின் எண்கள் என்ன என்று தெரிய வேண்டுமானால் கலர் பிக்கர் டூலை எடுத்து அந்த இடத்தில் கிளிக் செய்து பார்க்கலாம்.

முடித்ததும் ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் ஆஸ் கொடுத்து வேறு பெயரில் ஜேபெக்காக எடுங்கள். அதே மெனுவில் ஓவர்ரைட் என்று ஒரு வரி இருக்கும். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. நீலத்தை மட்டும் எடுக்கும் படங்களில் புள்ளி புள்ளியாக இரைச்சல் தெரியும். மொபைல் கேமராவில் நீலப் பகுதி எப்போதும் கொஞ்சம் கரடுமுரடுதான். சிவப்பை மட்டும் எடுத்தால் வானத்தில் கட்டம் கட்டமாகத் தெரியலாம். முழுக்க 1, 0 என்று போகாமல் 0.7, 0.3 என்று மட்டுப்படுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

மாலை நேரத்து வரிசை

தனிக் கட்டடங்களைச் சொன்னேன். நகரத்தின் மொத்தத் தோற்றத்தை எப்படி எடுப்பது? சென்னையில் மும்பை மாதிரி உயரமான கட்டடங்கள் கடலோரம் அணிவகுத்து நிற்பதில்லை. மெரினாவில் காலையில் நின்று ஊரைப் பார்த்து எடுத்தால் வெயில் கட்டடங்களின் முகத்தில் நேராக அடிக்கும். எல்லாம் தட்டையாக, அடையாள அட்டைப் போட்டோ மாதிரி வரும். மாலையில் போங்கள். மணலில் தண்ணீர் ஓரம் வரை நடந்து, கடலுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். நமக்குக் கிழக்கே கடல் என்பதால் சூரியன் ஊருக்குப் பின்னால்தான் இறங்கும். பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸ் கோபுரங்கள், தெற்கே கலங்கரை விளக்கம், நடுவே மரங்களும் வீடுகளும் எல்லாம் வெட்டி ஒட்டிய கறுப்புத் தாள் மாதிரி தெரியும். மொபைல் திரையில் வானத்தைத் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து எடுங்கள். சாந்தோம் பேராலயத்தின் வெள்ளைக் கோபுரத்தைப் பட்டினப்பாக்கம் கடற்கரையிலிருந்து இப்படி எடுக்கலாம். வெள்ளைக் கட்டடம் கறுப்பாக மாறும் வேடிக்கையையும் பார்க்கலாம்.

கலங்கரை விளக்கத்தின் மேலே ஏறினால் முழு ஊரும் தெரியும். 1994-ல் பொதுமக்களுக்கு மூடியவர்கள் 2013-ல் மறுபடி திறந்தார்கள். திறந்திருக்கும் நேரத்தை விசாரித்துக்கொண்டு போங்கள். மேலிருந்து எடுக்கும்போது கடற்காற்றின் ஈரத்தால் தூரத்துக் கட்டடங்கள் மங்கலாக இருக்கும். சிவப்பைக் கூட்டினால் மங்கல் குறையும். நான் குறைப்பதில்லை. நீலத்தைக் கொஞ்சம் கூட்டிவிடுவேன். பக்கத்துக் கட்டடம் கறுப்பு, அதற்குப் பின்னால் சாம்பல், அதற்கும் பின்னால் வெளிர் சாம்பல் என்று ஊர் அடுக்கடுக்காகப் பின்வாங்கிப் போகும்.

உயர் நீதிமன்றத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேனே. 1892-ல் திறந்த செந்நிறக் கட்டடம். மெரினாவில் புதிய விளக்கம் வருவதற்கு முன், 1894 முதல் 1977 வரை கப்பல்களுக்கு வழிகாட்டிய விளக்கு அதன் கோபுரத்தின் உச்சியில்தான் இருந்தது. வளாகத்துக்குள் கேமராவோடு போகாமல் வெளியே சாலையிலிருந்து எடுங்கள். இதையும் சென்ட்ரலையும் ஒரே கலவையில் மாற்றி அருகருகே வைத்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்.

மறுபடி பாட்டி

நான் செய்த தவறு இதுதான். 2022 கடைசியில் அதுவரை எடுத்த சென்னைப் படங்களையெல்லாம் ஒரே போல்டரில் சேர்த்தேன். மொத்தம் 214 படங்கள். ஒவ்வொன்றாக மாற்றச் சோம்பேறித்தனம். ஒரு இலவச மென்பொருளில் எல்லாவற்றையும் ஒரே கிளிக்கில் சாம்பலாக்கும் வசதி இருந்தது. அதில் பழைய ஃபைலின் மேலேயே எழுதவா என்று கேட்கும் இடத்தில் டிக் அடித்தேன். ஹார்ட் டிஸ்கில் இடம் மிச்சமாகுமே என்ற புத்திசாலித்தனம்! மொபைலிலிருந்து கட் செய்துதான் கொண்டுவந்திருந்தேன். அழிந்த ஃபைல்களை மீட்கும் மென்பொருள்களை இரண்டு நாள் ஓட்டிப் பார்த்தேன். என் லேப்டாப்பில் இருப்பது எஸ்.எஸ்.டி. அதில் வேண்டாம் என்று ஒதுக்கிய இடத்தை விண்டோஸ் சீக்கிரமே சுத்தமாகத் துடைக்கச் சொல்லிவிடும். ஒன்றும் கிடைக்கவில்லை. நான்கு வருடம் இன்ஜினியரிங் படித்தவன் என்பதை வெளியில் சொல்லிக்கொள்ளவில்லை.

அம்மாதான் ஞாபகப்படுத்தினார். "அன்னிக்கு உங்க பாட்டி, திருச்சி அத்தைக்கு உடனே அனுப்புன்னு சொன்னாங்களே, அனுப்பலையா?"

அனுப்பியிருந்தேன், வாட்ஸ்அப்பில். என் பக்கம் அந்த உரையாடல் போன மொபைலோடு போய்விட்டது. அத்தைக்குப் போன் செய்தேன். அத்தை மொபைலில் எதையுமே அழிக்கமாட்டார். காலை வணக்கம் படங்களைக்கூட அழிக்கமாட்டார். அதற்காக அவரைக் கேலி செய்தவன் நான். பத்து நிமிடத்தில் படம் வந்தது. கலரில்!

ஆனால் 1600க்கு 1200 பிக்சல்தான். என்னிடமிருந்த சாம்பல் படம் 4000க்கு 3000. ஆறில் ஒரு பங்குகூட இல்லை. பெரிதாகப் பிரின்ட் போட்டால் பாட்டியின் முகம் மெழுகு மாதிரி ஆகிவிடும். ஒன்றில் விவரம் இருக்கிறது, கலர் இல்லை. இன்னொன்றில் கலர் இருக்கிறது, விவரம் இல்லை.

அப்போதுதான் டி.வி. கணக்கு ஞாபகம் வந்தது. நம் கண் வெளிச்சத்தில் உள்ள நுணுக்கத்தைக் கூர்மையாகப் பார்க்கும். கலரில் உள்ள நுணுக்கத்தை அவ்வளவாகக் கவனிக்காது. சாதாரண ஜேபெக் படங்களிலேயே பெரும்பாலும் வெளிச்சத்தை முழு அளவிலும், கலரை நீளத்திலும் அகலத்திலும் பாதி அளவிலும்தான் சேமிக்கிறார்கள். நாம் யாரும் கண்டுபிடிப்பதில்லை. அப்படியானால் பெரிய படத்தின் வெளிச்சத்தோடு சின்னப் படத்தின் கலரைச் சேர்த்தால்?

உங்களுக்கும் இப்படி ஒரு நிலை வந்தால் செய்ய வேண்டியது இதுதான். சாம்பல் படத்தைக் கிம்பில் திறந்து, இமேஜ் மெனுவில் மோட் என்பதில் ஆர்.ஜி.பி. தேர்ந்தெடுங்கள். இதை மறந்தால் அடுத்து வரும் கலர் படமும் சாம்பலாகிவிடும். நான் மறந்தேன். பிறகு ஃபைல் மெனுவில் ஓபன் ஆஸ் லேயர்ஸ் மூலம் சின்னக் கலர் படத்தைத் திறந்தால் அது மேலே ஒரு லேயராக வந்து உட்காரும். லேயர் மெனுவில் ஸ்கேல் லேயர் கொடுத்து அதைப் பெரிய படத்தின் அளவுக்கு நீட்டுங்கள். என் விஷயத்தில் 4000, 3000. மூலையோடு மூலை பொருந்துகிறதா என்று பாருங்கள். கடைசியாக லேயர் பெட்டியின் மேலே மோட் என்ற இடத்தில் நார்மல் என்றிருப்பதை எச்.எஸ்.எல். கலர் என்று மாற்றுங்கள். மேல் லேயரிலிருந்து கலர் மட்டும் வரும், வெளிச்சம் கீழ் லேயருடையதாகவே இருக்கும்.

மாற்றினேன். பார்டர் வந்தது. புடவையிலிருந்து பச்சை பிரிந்து தனியாக நின்றது. முகத்தின் சுருக்கங்கள், கண்ணாடியின் விளிம்பு எல்லாம் பெரிய படத்தில் இருந்தபடியே கூர்மையாக. ஒன்றரை நிமிட வேலை. மேலே வளைந்து போன பாலத்தின் கட்டங்கள் மட்டும் முன்பும் கறுப்பு வெள்ளை, இப்போதும் கறுப்பு வெள்ளை.

பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குலத்தில் பிரின்ட் போட்டு மாட்டியிருக்கிறோம். மற்ற 213 படங்களுக்கு அத்தை மாதிரி யாரும் இல்லாததால் சென்ட்ரலுக்கும் ரிப்பன் மாளிகைக்கும் மறுபடி போய் எடுத்தேன். மேலே சொன்ன எண்களெல்லாம் அந்த இரண்டாவது முறை எடுத்த படங்களில் பார்த்தவைதான். செஸ் போர்டுப் பாலத்தை மட்டும் மறுபடி எடுக்க வழியில்லை.

திவசத்துக்கு வந்திருந்த அத்தை படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"எல்லாம் நல்லா வந்திருக்குடா. ஆனா காதோரத்துல பாரு, தோட்டுக் கல் கொஞ்சம் வெளிறிப் போயிருக்கு. அது நல்ல சிவப்புக் கல்லாச்சே."

சிறிய இடங்களில் கலர் கொஞ்சம் கசியத்தான் செய்யும். பெயின்ட் பிரஷ் எடுத்துத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.